கறுப்புப் பசை

அந்தச் சிவப்பு மாத்திரையை உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். கர்ப்பம் என்று தெரிந்ததும் நர்சம்மா அட்டை அட்டையாகக் கொடுத்தனுப்புவார். 'தினம் ஒண்ணு. மறக்கக் கூடாது' என்று ஓர் உத்தரவும் கூடவே வரும்.

என் அக்காவுக்கும் கொடுத்தார்கள். முதல் பிரசவம். தினம் ராத்திரி அம்மா தண்ணீர்ச் சொம்போடு போய் நிற்பார். அக்கா வாயில் போட்டுக்கொண்டு, விழுங்கிவிட்ட பாவனையில் தலையாட்டுவாள். வளைகாப்புக்காக வீட்டை ஒழித்தபோதுதான் குட்டு உடைந்தது. பழைய தையல் மெஷின் டிராயரை இழுத்தால், உள்ளே நாற்பது ஐம்பது சிவப்பு மாத்திரைகள்!

"வாயில வெச்சாலே குமட்டுதும்மா. வெளிக்குப் போனா கறுப்பாப் போகுது. பயமா இருக்கு" என்றாள் அக்கா.

அம்மா கோபப்படவில்லை. "இதெல்லாம் இல்லாமத்தான் நான் நாலு பெத்தேன்" என்று சொல்லிவிட்டு, அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய் முருங்கை மரத்தடியில் கொட்டினார். மரம் அந்த வருஷம் நன்றாகத்தான் காய்த்தது. அக்காவுக்குத்தான் பிரசவத்தில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது.

அந்த மாத்திரைக்குள் இருப்பவை இரண்டே சரக்கு. ஒன்று இரும்புச் சத்து. அதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று அரை மில்லிகிராம்தான். கண்ணுக்கே தெரியாத அளவு. பெயர், ஃபோலிக் அமிலம். இந்த அரை மில்லிகிராம் அட்டைக்குள் வந்து உட்கார்ந்த கதை சாதாரணமானதில்லை. பம்பாய் பஞ்சாலைத் தெரு, குன்னூர் எலிகள், நம் திருவல்லிக்கேணி, பீர் தொட்டியின் அடியில் தங்கும் மண்டி எல்லாம் இதில் வருகின்றன.

முதலில் பம்பாய்.

1928. பம்பாயில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் ஆறு மாதம் வேலைநிறுத்தம் செய்த வருஷம். நகரத்தின் பரேல் வட்டாரம் முழுக்கப் புகைபோக்கிகள். ஒரே அறையில் பத்துப் பேர் படுத்தெழும் சால் வீடுகள். மில்லில் நூல் சுற்றும் பகுதிகளில் பெண்கள்தான் அதிகம். வயிற்றைத் தள்ளிக்கொண்டு கடைசி வாரம் வரை வேலைக்குப் போவார்கள். போகாவிட்டால் கூலி கிடையாது. பிரசவத்துக்குப் பணத்தோடு விடுப்பு தர வேண்டும் என்ற மசோதா பம்பாய் சட்டசபைக்கு அந்த வருஷம்தான் வந்தது. அதை ஆதரித்துப் பேசியவர்களில் அம்பேத்கரும் ஒருவர். 1929-ல் சட்டமானது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் அதுதான் முதல்.

அதே பரேலில், கவர்னர்கள் வசித்த பழைய மாளிகை ஒன்றில் ஹாஃப்கின் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வந்தது. பிளேக் நோய்க்குத் தடுப்பூசி கண்ட வால்டெமர் ஹாஃப்கின் தொடங்கியது. பிரசவத்தில் பெண்கள் ஏன் இப்படிச் சாகிறார்கள் என்று அங்கே ஒரு விசாரணை ஆரம்பமானது. அதற்குப் பின்னால் இருந்தவர் மார்கரெட் பால்ஃபர் என்ற மூத்த டாக்டர். இந்தியப் பெண்களின் பிரசவப் பிரச்னைகளோடு ஆயுள் பூரா மல்லுக்கட்டியவர். லண்டனிலிருந்து ஓர் ஆளைக் கூப்பிட்டால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

வந்தவர் லூசி வில்ஸ். நாற்பது வயது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. மலையேறுவது, பனிச்சறுக்கு, சைக்கிள் சவாரி, இவையெல்லாம் பிடிக்கும். கேம்பிரிட்ஜில் படித்தது தாவரவியலும் மண்ணியலும். 1914-ல் தென்னாப்பிரிக்கா போயிருந்தபோது முதல் உலகப்போர் மூண்டுவிட, கேப்டவுனில் நர்ஸ் வேலை பார்த்தார். டாக்டராகும் ஆசை அதற்குப் பிறகு வந்ததுதான். லண்டனில் பெண்களுக்கென்றே இருந்த மருத்துவப் பள்ளியில் சேர்ந்து 1920-ல் டாக்டரானபோது வயது முப்பத்திரண்டு. நோயாளியை நேரில் பார்ப்பதைவிட, நோயாளியின் ரத்தத்தைப் பார்ப்பதுதான் அவருக்குப் பிடித்தமான வேலை. ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

பம்பாயில் அவர் முன்னால் வைக்கப்பட்ட புதிர் இது: கர்ப்பமான ஏழாம், எட்டாம் மாதங்களில் பெண்கள் வெளிறிப்போகிறார்கள். நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறது. நாக்கு புண்ணாகிறது. பிரசவம் நெருங்க நெருங்க ரத்தம் தண்ணீராகிறது. பலர் பிழைப்பதில்லை.

சரி, ரத்தசோகை. இரும்பு கொடுத்தால் போச்சு என்பீர்கள். அங்கேதான் சிக்கல். இரும்புச் சத்து குறைந்தால் சிவப்பணுக்கள் சின்னதாகும். இந்தப் பெண்களின் ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் நேர் எதிர். அணுக்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் பெருத்துப்போய், முற்றாமல், அசட்டுத்தனமாக இருந்தது. இரும்பைக் கொடுத்தாலும் அது அசைந்து கொடுப்பதில்லை.

இதே மாதிரி பெருத்த அணுக்கள் 'பெர்னிஷியஸ் அனீமியா' என்கிற கொடிய சோகையிலும் வரும். அதற்கு 1926-ல் அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி என்ற இரண்டு டாக்டர்கள் ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருந்தார்கள். மருந்து மாத்திரை இல்லை. ஈரல்! தினம் கால் கிலோ போல, பச்சையாகவோ பாதி வெந்தோ சாப்பிட வேண்டும். சாகக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். பின்னால், 1934-ல், நோபல் பரிசே கிடைத்தது. பம்பாய்ப் பெண்களுக்கும் ஈரல் கேட்கத்தான் செய்தது. ஆனால், பட்டினிக் கூலி வாங்கும் பெண் தினம் கால் கிலோ ஈரலுக்கு எங்கே போவாள்? மாமிசமே தொடாதவளை என்ன செய்வது?

நோய்க் கிருமிதான் காரணமா? பாரம்பரியமா? உஷ்ணதேசத்து ஜனங்களின் உடம்பே அப்படியா? அந்தக் காலத்து வெள்ளைக்கார டாக்டர்களுக்குக் கடைசி விளக்கம் ரொம்பவும் சௌகரியம். லூசியும் முதலில் கிருமியைத்தான் சந்தேகப்பட்டார். அதில் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. அடுத்து அவர் செய்த காரியம் ரொம்பச் சாதாரணம். 'நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள்?' என்று கேட்கக் கிளம்பினார்.

தல்படே என்ற இந்திய டாக்டரோடு சேர்ந்து, பம்பாயின் பல தரப்புப் பெண்களின் சாப்பாட்டையும் இருப்பிடத்தையும் கணக்கெடுத்தார். 1930-ல் அது ஆராய்ச்சிக் கட்டுரையாக வந்தது. கணக்கு பேசியது. வசதியான வீட்டுப் பெண்களிடம் இந்த நோய் அபூர்வம். ஏழை முஸ்லிம் பெண்களிடம் மிக அதிகம். யாருடைய தட்டு மிக மோசமோ, அவர்களையே இந்தச் சோகை தேடித் தேடிப் பிடித்திருந்தது. உஷ்ணமும் பரம்பரையும் இரண்டு தரப்புக்கும் ஒன்றுதானே? மாறுவது தட்டு மட்டும்தான்!

ஊரறிந்த விஷயம், இதற்கு ஒரு கணக்கெடுப்பா என்று தோன்றலாம். வறுமையால் நோய் வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்தான். வறுமைத் தட்டில் இல்லாத எந்த ஒரு பொருளால் வருகிறது என்பது யாருக்கும் தெரியாது. அதைத் தேடித்தான் லூசி மலையேறினார்.

நீலகிரி. 1929 ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை லூசி குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் இருந்தார். நாய்க்கடி ஊசிக்காக நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த அதே இடம்தான். அங்கே சத்துணவு ஆராய்ச்சிக்குத் தலைவர் ராபர்ட் மக்காரிசன்.

இந்த மக்காரிசனைப் பற்றி ஒரு தனி அத்தியாயமே எழுதலாம். இந்தியாவின் ஒவ்வொரு பிரதேசத்துச் சாப்பாட்டையும் அப்படியே சமைத்து எலிகளுக்குப் போட்டுப் பார்த்தவர். கோதுமை ரொட்டி, பால், நெய், பருப்பு, பச்சைக் காய்கறி என்று சீக்கியச் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் தளதளவென்று வளர்ந்தன. மெஷினில் தீட்டின வெள்ளைச் சோற்றை நம்பியிருந்த மெட்ராஸ் சாப்பாட்டு எலிகள்? பட்டியலின் கடைசிக்கு வங்காளத்தோடு போட்டி! நம் குழம்பு, ரசத்துக்கு இப்படி ஒரு அவமானம் நடந்தது குன்னூரில்தான். 1918-ல் அங்கே ஒற்றை அறையில் பெரிபெரி ஆராய்ச்சியாக ஆரம்பித்த அந்தக் கூடம்தான் 1958-ல் ஹைதராபாத்துக்குக் குடிபோய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

லூசி அங்கே கர்ப்பிணி எலிகளுக்கு பம்பாய் மில் பெண்களின் சாப்பாட்டைக் கொடுத்தார். எலிகளுக்குச் சோகை வந்தது. குட்டி போடுவதற்கு முன்பே செத்தன. அதே சாப்பாட்டோடு கொஞ்சம் ஈஸ்ட் சேர்த்தார். ஈஸ்ட் என்றால் ரொட்டி மாவு உப்பவும், பீர் நுரைக்கவும் போடுவார்களே, அதுதான். ஈஸ்ட் தின்ற எலிகள் பிழைத்துக்கொண்டன!

கண்டுபிடித்தாயிற்று என்று குதிக்கலாம் அல்லவா? கொஞ்சம் பொறுங்கள். அந்த எலிகளின் சோகைக்குப் பாதிக் காரணம் சாப்பாடே இல்லை என்று பிறகு தெரிந்தது. எலிப் பேன் மூலம் பரவும் பார்டோனெல்லா என்ற கிருமி அவற்றின் ரத்தத்தில் இருந்தது. அரைப் பட்டினியில் கிடந்த எலிகளை அது சுலபமாகச் சாய்த்திருக்கிறது. ஆக, சோதனை கோணல். ஆனால், அது கைகாட்டிய திசை சரி. விஞ்ஞானத்தில் இப்படி அவ்வப்போது நடக்கும். பாடப்புத்தகங்களில்தான் இதையெல்லாம் எழுத மாட்டார்கள்.

ஈஸ்ட்டை மனுஷிக்கு எப்படிக் கொடுப்பது? அதற்குத் தயாராகவே ஒரு சரக்கு இருந்தது. இங்கிலாந்தில் பர்ட்டன் என்ற ஊர் பீருக்குப் பெயர் போனது. பீர் காய்ச்சிய தொட்டிகளின் அடியில் மண்டியாகத் தங்கும் ஈஸ்ட்டை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தார்கள். 1902-ல் அங்கே ஒரு கம்பெனி ஆரம்பித்து, அந்த மண்டியை உப்புப் போட்டுச் சுண்டவைத்து, பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கினார்கள். கன்னங்கரேல் என்று, புளிக்காய்ச்சல் போல ஒரு பசை. பெயர் மார்மைட். ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார்கள். சிலருக்கு உயிர். சிலருக்கு வாசனையே ஆகாது. இலங்கைத் தமிழர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அங்கே பல வீட்டுச் சமையலறையில் அது இருக்கும்.

விலை மலிவு. ஈரல் போல மாமிசம் இல்லை. பீர் என்ற பெயரைச் சொல்லாமல் கொடுத்தால் யாரும் ஆட்சேபிக்கப் போவதும் இல்லை! பம்பாயில், சாகக் கிடந்த கர்ப்பிணிகளுக்கு லூசி அந்தக் கறுப்புப் பசையைக் கொடுத்தார்.

சில நாட்களில் பசி எடுத்தது. ரத்தத்தில் புதிய சிவப்பணுக்கள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கின. வெளிறிய முகங்களில் நிறம் ஏறியது. அது எப்படி வேலை செய்கிறது என்று அப்போது லூசிக்கே தெரியாது. வேலை செய்கிறது என்பது மட்டும் கண்ணெதிரே தெரிந்தது. 1931-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது. குரங்குகளுக்கும் அதே குறைச் சாப்பாட்டைக் கொடுத்து, அதே பெருத்த அணுச் சோகையை வரவழைத்துக் காட்டினார். எலிக் கோணல் இதில் நேராயிற்று.

அந்த 1931-ன் தொடக்கத்தில் அவர் வேலை பார்த்த இடம் எது தெரியுமா? சாட்சாத் நம் மெட்ராஸ். அன்றைக்கு அதன் பெயர் 'விக்டோரியா காஸ்ட் அண்ட் கோஷா ஹாஸ்பிடல்'. ஆண் டாக்டர் கை பட்டால் ஆகாது என்று வீட்டுக்குள்ளேயே செத்துப்போன உயர்சாதிப் பெண்களுக்காகவும், கோஷா முறையில் இருந்த முஸ்லிம் பெண்களுக்காகவும் 1885-ல் உருவானது. இன்று அது அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. திருவல்லிக்கேணி ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் ஒரு கணம் யோசிப்பார். 'கோஷா ஆஸ்பத்திரி' என்று சொல்லுங்கள், உடனே கிளப்புவார்.

லூசி விடவில்லை. மார்மைட்டில் இருப்பது என்ன? ஈரலில் இருப்பதும் அதுவும் ஒன்றா? ஈரலை வடித்து, சுத்தம் செய்து, ஊசி மருந்தாக்கியிருந்தார்கள். கொடிய சோகைக்கு அது பிரமாதமாகக் கேட்டது. லூசி அதை பம்பாய்ச் சோகைக்குப் போட்டுப் பார்த்தார். கேட்கவில்லை! சுத்தம் செய்யாத கச்சா ஈரல் மட்டும் கேட்டது. ஆக, ஈரலில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. சுத்தம் செய்யும்போது ஒன்று மிஞ்சுகிறது, மற்றது கழிவோடு போய்விடுகிறது. மிஞ்சியது பின்னாளில் பி-12 என்று பெயர் பெற்றது. கழிவோடு போனதுதான் லூசி தேடிய ஆள். அதற்கு 'வில்ஸ் ஃபேக்டர்' என்று பெயர் வைத்தார்கள்.

1937-ல் இன்னொரு முறை பம்பாய் வந்தார். இம்முறை கப்பல் இல்லை. சௌதாம்ப்டனிலிருந்து கராச்சி வரை, தண்ணீரில் இறங்கும் படகு விமானம். ஊர் ஊராக இறங்கி ஏறி ஐந்து நாள். பத்து வாரம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினார். பிறகு யுத்தம் வந்துவிட்டது. 1944 ஜூலையில் ராயல் ஃப்ரீ மருத்துவமனை மேலேயே ஜெர்மன் பறக்கும் குண்டு விழுந்தது. சில பேர் செத்தார்கள். லூசியின் பரிசோதனைக் கூடம் சில நாள்தான் மூடியிருந்தது.

இதற்கிடையே அமெரிக்காவில் அதே பொருளை ஆளாளுக்குத் தேடிக்கொண்டிருந்தார்கள். குரங்கில் பார்த்தவர் வைட்டமின் 'எம்' என்றார். கோழிக்குஞ்சில் பார்த்தவர் வேறு எழுத்து வைத்தார். ஒரே ஆசாமிக்கு ஊருக்கு ஒரு பெயர். 1941-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் மூவரும் நான்கு டன் பசலைக்கீரையை அரைத்து வடிகட்டி, கடைசியில் துளியூண்டு சரக்கைப் பிரித்தெடுத்தார்கள். கீரையிலிருந்து வந்ததால், இலை என்ற அர்த்தம் வரும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். தமிழில் மொழிபெயர்த்தால் இலை அமிலம். கீரைச் சத்து என்று சொன்னாலும் பாதகமில்லை.

மாத்திரை போட வேண்டுமென்றால் நாலு டன் கீரை கட்டுப்படியாகுமா? தொழிற்சாலையில் செய்தாக வேண்டும். அதைச் சாதித்தது நியூயார்க் பக்கம் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆராய்ச்சிக்கூடம். 1945-ல் அதன் செயற்கைத் தயாரிப்பை உலகுக்கு அறிவித்தார்கள். அந்த ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர், கோட்டு சூட்டுப் போட்ட ஓர் ஆந்திரக்காரர். எல்லாப்ரகட சுப்பாராவ்.

பீமவரத்தில் 1895-ல் பிறந்தவர். சின்ன வயதில் வீட்டைவிட்டு ஓடிப்போய், காசியில் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரராவது என்று திட்டம் போட்டு, பிடிபட்டவர். மெட்ரிகுலேஷன் பாஸானது மூன்றாவது முயற்சியில். அதுவும் எங்கே? திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில்! லூசி வேலை பார்த்த கோஷா ஆஸ்பத்திரியும் அதே வட்டாரம்தான். இருவரும் சந்தித்ததில்லை. லூசி மெட்ராஸ் வந்தபோது சுப்பாராவ் போய் எட்டு வருஷம் ஆகியிருந்தது.

மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது காந்தி சொன்னார் என்று கதர் கோட்டுப் போட்டுக்கொண்டு ஆபரேஷன் அறைக்குள் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பொறுக்கவில்லை. முழு எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதற்குக் குறைவான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. அதைவிடப் பெரிய அடி வீட்டில் விழுந்தது. அவர் சகோதரரை 'ஸ்ப்ரூ' என்ற குடல் நோய் கொண்டுபோயிற்று. சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாது. வயிறு போய்க்கொண்டே இருக்கும். ரத்தம் வற்றிவிடும். சுப்பாராவையே அந்த நோய் பிடித்தது. ஆசண்ட லட்சுமிபதி என்ற ஆயுர்வேத மருத்துவர் காப்பாற்றினார். ஸ்ப்ரூவுக்கு மருந்து கண்டுபிடித்தே தீருவது என்ற வெறியோடுதான் 1922-ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்.

ஃபோலிக் அமிலம் தயாரானதும் அதைக் கொடுத்துப் பார்த்த நோய்களில் ஸ்ப்ரூவும் ஒன்று. கேட்டது! சகோதரர் போய் கால் நூற்றாண்டு கழித்து. ஊருக்குத் திரும்பி வரவேயில்லை சுப்பாராவ். 1948-ல் ஒருநாள் தூக்கத்திலேயே போய்விட்டார். வயது 53.

கர்ப்பத்தில் ஏன் இதற்கு இவ்வளவு முக்கியத்துவம்? உடம்பில் ஓர் அணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால், தன்னுள் இருக்கும் டி.என்.ஏ.வை முதலில் நகலெடுக்க வேண்டும். நகலெடுக்க ஃபோலிக் அமிலம் வேண்டும். இல்லாவிட்டால் அணு வளரும், பிரியத் தெரியாது. பெருத்துப்போய் உட்கார்ந்திருக்கும். லூசி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தது அதைத்தான். கர்ப்பம் என்பதே அணுக்கள் ஓயாமல் பிரியும் வேலை. சிசு தனக்கு வேண்டியதைத் தாயிடமிருந்து உறிஞ்சிக்கொள்ளும். தாயின் தட்டில் ஏற்கெனவே கீரையும் பயறும் இல்லை என்றால், ஏழாம் மாதத்தில் கஜானா காலி.

கதை இத்தோடு முடிந்திருந்தால் சுபம் போட்டிருக்கலாம். லூசி 1964 ஏப்ரலில் காலமானார். கடைசிப் பத்து வருஷம் லண்டன் செல்சியில் லேபர் கட்சிக் கவுன்சிலராக இருந்தார். அவர் போன மறுவருஷம், 1965-ல், லிவர்பூலிலிருந்து எலிசபெத் ஹிப்பர்டு, ரிச்சர்டு ஸ்மிதெல்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் 'லான்செட்' பத்திரிகையில் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்கள். முதுகெலும்பு மூடாமல், மண்டையோடு உருவாகாமல் பிறக்கிற குழந்தைகளின் தாய்மார்களுக்கு இந்த ஃபோலிக் அமில விஷயத்தில் ஏதோ குறை தெரிகிறது என்றார்கள்.

நிரூபிக்க 26 வருஷம் பிடித்தது. ஸ்மிதெல்ஸ் ஒரு முறையான சோதனைக்கு அனுமதி கேட்டார். பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் பொம்மை மாத்திரை. ஆஸ்பத்திரி நெறிமுறைக் கமிட்டிகள் முடியாது என்றன. மருந்து நல்லது என்றால் பாதிப் பேருக்கு மறுப்பது தர்மமா என்பது கேள்வி. அதனால் அரைகுறையாகச் செய்து 1980-ல் வெளியிட்டார். அரைகுறை என்று சொல்லியே மற்றவர்கள் நம்ப மறுத்தார்கள். கடைசியில் நிக்கோலஸ் வால்டு தலைமையில் ஏழு நாடுகள், 33 மையங்கள். ஏற்கெனவே ஒரு முறை இப்படிக் குழந்தை பிறந்த தாய்மார்களிடம் நடத்தினார்கள். 1991-ல் முடிவு வந்தது. மொத்தம் 27 குழந்தைகளுக்குப் பாதிப்பு. ஃபோலிக் அமிலம் சாப்பிட்ட பாதியில் 6. சாப்பிடாத பாதியில் 21. போதும், இனி யாருக்கும் மறுக்கக் கூடாது என்று சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இந்தியாவிலும் அதே சமயம் ஐ.சி.எம்.ஆர். ஒரு சோதனை நடத்திக்கொண்டிருந்தது. இந்த முடிவைப் பார்த்ததும் அதையும் இடையில் நிறுத்தினார்கள்.

ஆனால், இதில் ஒரு குரூரமான தேதிக் கணக்கு இருக்கிறது. சிசுவின் முதுகுத்தண்டாகவும் மூளையாகவும் மாறப்போகிற குழாய், கரு உண்டாகி 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. பெண்ணுக்கு நாள் தள்ளிப்போய், 'இருக்குமோ' என்று சந்தேகம் வந்து, டாக்டரிடம் போய், உறுதியாகி, மாத்திரை அட்டை கைக்கு வரும்போது அந்தக் கதவு சாத்தியாகிவிட்டது. நாம் ஏழாம் மாதம் வளையல் அடுக்கி, ஏழு வகைச் சோறு கட்டுகிறோம். கர்ப்பிணி நன்றாகச் சாப்பிட அது நல்ல ஏற்பாடுதான். ஆனால், முதுகுத்தண்டுக்கு அது ஆறு மாதம் லேட்.

அதற்கு முன்பாவது சாப்பிட விடுகிறோமா? 'வயித்துல புள்ள பெருத்துட்டா பிரசவம் கஷ்டம், கம்மியாச் சாப்பிடு' என்று சொல்லும் மாமியார்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கீரையே சமைத்தாலும் வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுகிறோம். இந்தச் சத்து தண்ணீரில் கரையும், அதிகம் கொதித்தால் அழியும். கீரை, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை எல்லாவற்றிலும் இருக்கிறது. இருந்தாலும் கருவுக்கு வேண்டிய அளவைச் சாப்பாட்டால் மட்டும் எட்டுவது கடினம் என்பதால்தான் மாத்திரை. கொசுறாக ஒரு எச்சரிக்கை: சுத்த சைவக்காரர்களுக்கு பி-12 குறைவாக இருக்கலாம். ஃபோலிக் அமிலத்தை மட்டும் விழுங்கினால் அந்தக் குறை வெளியே தெரியாமல் நரம்பைத் தின்னும். டாக்டர் சொல்படி நடப்பது உத்தமம்.

அமெரிக்கா 1998 ஜனவரியிலிருந்து ரொட்டி மாவிலேயே ஃபோலிக் அமிலத்தைக் கலக்கச் சொல்லிவிட்டது. யாரும் மறக்கவும் முடியாது, டிராயரில் ஒளிக்கவும் முடியாது. லூசி பிறந்த பிரிட்டன் என்ன செய்தது என்கிறீர்களா? பேசிப் பேசி, கமிட்டி போட்டு, 2024-ல்தான் சட்டம் இயற்றியது. நம் நாட்டில் கர்ப்பிணிகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை 1970-லிருந்து கொடுக்கப்படுகிறது. அந்த விஷயத்தில் நாம் பின்தங்கவில்லை. ஆனாலும், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. எத்தனை தையல் மெஷின் டிராயர்களோ! ரேஷன் அரிசியில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி-12 சேர்த்த அரிசிமணிகளைக் கலந்து கொடுக்க ஆரம்பித்தபோது, நம் ஜனங்கள் அதைப் பொறுக்கி எடுத்து, 'பிளாஸ்டிக் அரிசி' என்று குப்பையில் போட்டார்கள்.

போன மாதம் அக்கா வந்திருந்தாள். அந்த முதல் பிரசவத்துப் பெண்ணுக்கு தை மாதம் கல்யாணம். பெண் கொஞ்சம் விவரமானவள். டாக்டரைப் பார்த்து, இப்போதிருந்தே சாப்பிட ஃபோலிக் அமில மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். சின்னதாக, மஞ்சளாக, குமட்டாத மாத்திரை. அக்கா அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கல்யாணமே இன்னும் ஆகலை. அதுக்குள்ள கர்ப்பிணி மாத்திரை சாப்பிடறான்னு சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா என்னடா நினைப்பாங்க?" என்று என்னைக் கேட்டாள்.